கேள்வி ஞானம்

மெட்டாலிகா 1999இல் சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பனியோடு சேர்ந்து வாசித்த பதிவை நண்பன் ஒருவனுக்குப் போட்டுக் காட்டினேன். ராக் என்றாலே இரைச்சல் என்பவன் அவன். "இப்பவாவது தெரியுதா, இது எவ்வளவு பெரிய மியூசிக்னு?" என்று கேட்டேன். ஜெயித்துவிட்ட நினைப்பு. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பக்கத்தில் வயலின்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அது பெரிய இசை என்றால், அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்தது என்ன? என் இசைக்காக வாதாடப் போய், அதற்கு நானே சிபாரிசுக் கடிதம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டால் சமமரியாதை வந்துவிடுமா?

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1969 செப்டம்பர் 24, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். டீப் பர்ப்பிள் குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் எழுதிய கான்செர்ட்டோவை, அக்குழுவும் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசித்தன. மொத்தம் மூன்று பகுதிகள். முதல் பகுதியில் இரண்டு தரப்பும் எதிரெதிராக நின்று மோதும், போகப்போகத்தான் நெருங்கும். மேடைக்கு வெளியேயும் மோதல் இருந்தது. ஆர்கெஸ்ட்ரா கலைஞர்கள் சிலர் ஒத்திகையில் வேண்டாவெறுப்பாக வாசித்ததாகவும், நடத்துநர் மால்கம் ஆர்னால்ட் அவர்களைக் கடிந்துகொண்டதாகவும் சொல்வார்கள். இந்தப் பக்கம் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோருக்கும் இதில் பெரிய ஈடுபாடு இல்லை. அடுத்த வருடமே குழு ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் முழுச் சத்தத்தோடு ஓர் ஆல்பம் போட்டது. 'உங்க நாற்காலி எங்களுக்கு வேண்டாம்' என்பதும் ஒரு சுயமரியாதைதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஒரு வேடிக்கையான இரவு என்று விட்டுவிடலாம். ஆனால் 1970இல் அந்தக் கான்செர்ட்டோவின் இசைக்குறிப்பு தொலைந்துபோனது. ஆர்கெஸ்ட்ரா உலகில் தாள் இல்லையென்றால் வாசிப்பே இல்லை. கிட்டத்தட்ட முப்பது வருடம் அது பதிவாக மட்டுமே கிடந்தது.

பிறகு மார்கோ டி ஹுயே என்ற டச்சு இசையமைப்பாளர் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார், வீடியோவைப் பார்த்தார், ஒவ்வொரு வாத்தியமும் என்ன வாசிக்கிறது என்று மறுபடி எழுதினார். விடுபட்ட இடங்களை லார்டும் சேர்ந்து நிரப்பினார். 1999 செப்டம்பரில் அதே ஆல்பர்ட் ஹாலில், லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவோடு அது மீண்டும் ஒலித்தது.

இதை யோசித்துப் பாருங்கள். ரெக்கார்டில் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, ஒரே இடத்தை நூறு தடவை கேட்டு, விரலுக்குக் கொண்டுவருவது கிட்டார் பழகும் பையன்களின் வழி. நாம் அதைக் கேள்வி ஞானம் என்போம், கொஞ்சம் இளக்காரத்தோடு. 'முறையாப் படிக்கலை' என்பதற்கு நாகரிகமான சொல் அது. கடைசியில் ஒரு சிம்பனிக்கூட ஆக்கத்தை மீட்டது அந்த வழிதான். மீட்டதை மறுபடி எண்பது தொண்ணூறு பேர் சேர்ந்து வாசிக்க வைத்தது தாள். ரெண்டுக்கும் ரெண்டும் தேவைப்பட்டன.

1969இல் மேடை பகிரப்பட்டது. அந்த டச்சுக்காரர் பதிவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில் அதைவிடப் பெரிய ஒன்று நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே கைதட்டல் இல்லை, யார் யாரை உயர்த்துகிறார் என்ற பேச்சும் இல்லை. ஓர் ஒலி என்ன சொல்கிறதென்று தெரியும்வரை விடாமல் கேட்பது மட்டும் இருந்தது. இடம் கொடுப்பது பெருந்தன்மை. அதைக் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காது கொடுத்தவரால் அப்படி முடியாது, கேட்டது அவருக்குள் தங்கிவிடுகிறது. மரியாதை என்று நான் நம்புவது இதைத்தான்.

அடுத்த முறை நண்பனிடம் வயலின்களைச் சாட்சிக்கு அழைக்கமாட்டேன். "ஒரே பாட்டு, பத்து தடவை கேளு, அப்புறமா திட்டு" என்பேன். அவன் பதிலுக்கு பீத்தோவனை நீட்டுவான். நானும் பத்து தடவை கேட்டாக வேண்டும். இதுவரை ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை.