பாம்புக் கூடும் காப்போன் கடனும்

பிறிதோர் உயிரைத் தன் பொறுப்பில் ஏற்பவன் அவ்வுயிருக்குக் கடமைப்பட்டவனாகின்றான் என்பது அறவியலிற் பெரிதும் மறுக்கப்படாத கருத்தாகும். ஆயின், அக்கடமையின் உள்ளடக்கம் யாது? உணவும் உறையுளும் அளித்த அளவில் அது நிறைவுபெற்றுவிடுமா? ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் இல்லங்களிற் பெருமளவில் வளர்க்கப்படும் பந்து மலைப்பாம்பினை முன்வைத்து இவ்வினாவை ஆராய்தல் பொருத்தமுடையது.

மேற்கு, மத்திய ஆபிரிக்காவுக்குரிய இப்பாம்பு, பகற்பொழுதை வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழித்து இரவில் வெளிப்படுவது. பறவைகளையும் பாலூட்டிகளையும் போலத் தன்னுடலின் வெப்பத்தைத் தானே ஆக்கிப் பேணும் ஆற்றல் இதற்கில்லை. வெம்மை வேண்டின் வெம்மையான இடத்தை நாடும். அது மிகின் குளிர்ந்த இடத்துக்கு ஒதுங்கும். இடம்பெயர்தலே அதன் வெப்பச் சீராக்கம் எனலாம். பாலைநில ஊர்வன பற்றிக் கௌல்ஸ், போகேர்ட் ஆகியோர் 1944 இல் வெளியிட்ட ஆய்வு, ஊர்வன தம் நடத்தையினாலேயே உடல்வெப்பத்தைச் சீராக்குவதைத் தெளிவுபடுத்திற்று.

இத்தகைய உயிரைக் கண்ணாடிக் கூட்டில் அடைப்பவன், அதன் உடற்றொழிலின் ஒரு கூற்றையே தன் கையில் எடுத்துக்கொள்கின்றான். ஆதலால், கூடு முழுவதையும் ஒரே வெப்பநிலையில் வைத்திருத்தல் போதுமானதன்று. ஒரு புறம் ஏறத்தாழ 32 பாகை செல்சியசும் மறுபுறம் ஏறத்தாழ 26 பாகையுமாக அமைப்பதே வளர்ப்போரிடையே பெருவழக்கு. இரை கொண்ட பாம்பு வெம்மைப் புறத்தை நாடும். போதிய வெம்மையின்றேல் செரிமானம் தடைப்படும். இரு புறத்திலும் மறைவிடம் இருத்தலும் வேண்டும். மறைவிடம் ஒரு புறத்தில் மட்டும் இருப்பின், அஞ்சி ஒளியும் இயல்புடைய அவ்வுயிர் பாதுகாப்பையோ தனக்கு வேண்டிய வெப்பநிலையையோ இழக்க நேரிடும்.

ஈரப்பதனைப் பொறுத்தமட்டிற் சிக்கல் இன்னும் நுண்ணியது. நீராவி சேராது காற்று மட்டும் சூடேறுமாயின் அதன் சார் ஈரப்பதன் குறையும். வெம்மை அளிக்கும் கையே ஈரத்தைப் பறித்துக்கொள்கின்றது. காற்று வறண்டால் தோல் முழுமையாக உரியாது. கண்ணை மூடிய படலமும் எஞ்சக்கூடும். அதற்கஞ்சிக் காற்றோட்டத்தை அடைத்துக் கூட்டை நனைத்துவைப்பின் தோல்நோயும் சுவாச நோயும் தோன்றும். ஈரப் பாசி இட்ட ஒரு பெட்டியைக் கூட்டினுள் வைத்தல் நல்லதொரு தீர்வாகும். வேண்டும்போது பாம்பு அதனுட் புகும். கட்டுப்படுத்தும் கருவி பொருத்தப்படாத வெப்பத் தகடு பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும் என்பதும் கருதத்தக்கது. நன்மை செய்யும் எண்ணம் மட்டும் நன்மையாகிவிடாது. நன்மையும் அளவறிந்து செய்யப்படவேண்டும்.

எனினும், அளவு காண்பவன் யார்? பாலைநில உடும்போந்தி ஒன்றினைப் பற்றிக் குளூகரும் அவருடன் பணியாற்றியோரும் 1975 இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. பற்றீரியாத் தொற்றுக்குள்ளான அவ்வோந்திகள் வழக்கத்திலும் மிகுந்த வெம்மையை நாடிச் சென்றன. உயர்ந்த வெப்பநிலையில் இருந்தவற்றிற் கூடுதலானவை பிழைத்தன. நலமுற்ற உயிருக்குச் 'சரியான' வெப்பநிலையிலேயே அவற்றை நிறுத்திவைத்திருப்பின், அச்சரியே கேடாய் முடிந்திருக்கும். வெப்பமானி கூட்டின் வெம்மையைக் காட்டும். உள்ளிருக்கும் உயிரின் தேவையைக் காட்டாது. எனவே, ஒரு நிலையை விதிப்பதினும் பல நிலைகளைத் திறந்துவைத்தலே காப்போனின் முதற்கடனாகின்றது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கூட்டின் எல்லையை வகுத்தவனே தெரிவின் எல்லையையும் வகுத்துவிட்டான். ஆறு பாகை இடைவெளியைச் சுதந்திரம் என்பது தகுமா? தகாது என்றே கூறவேண்டும். கானா, தோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து இப்பாம்புகள் பெருந்தொகையிற் பிடித்து அனுப்பப்பட்டமையை எக்கருவியும் நியாயப்படுத்தாது. ஆயினும், கூட்டிற் பிறந்து குளிர்நாட்டில் வாழும் பாம்பை வெளியே விடுதல் அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். சிறைப்படுத்தியது தவறாயினும், சிறைப்பட்டதற்குரிய கடன் அதனால் நீங்குவதில்லை, மாறாக மிகுதிப்படுகின்றது.

துன்புறும் நாய் ஊளையிடும். பாம்போ சுருண்டு கிடக்கும். அக்கிடை நிறைவாகவும் இருக்கலாம், குளிரினால் வந்த சோர்வாகவும் இருக்கலாம். ஒரு விலங்கு பேசுமா என்பதன்று, துன்புறுமா என்பதே வினா என 1789 இல் வெளிவந்த நூலிற் பெந்தம் வாதிட்டார். முறையிட இயலாத உயிரின் மௌனத்தை இசைவு எனக் கொள்ளுதல் அதிகாரமுடையோர்க்கு எளிது. அவ்வெளிமையை மறுத்து, நாள்தோறும் நோக்கி, அவ்வுயிர் எங்குச் சென்று கிடக்கின்றது என்பதையே அதன் சொல்லாகக் கொண்டு கூட்டைத் திருத்துபவனே காப்போன் என்னும் பெயருக்கு உரியவனாவான்.