தறிக்குழி இல்லாத வீடு

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் தறி போக மிச்சமிருந்த இடத்தில்தான் நாங்கள் இருந்தோம். அப்பா குழித்தறியில் நெய்வார். சமையலுக்கு இடையே அம்மா ராட்டையில் தார் சுற்றுவார். அதற்குத் தனிக் கூலி கிடையாது.

1970இல் தமிழக அரசு குடிசை மாற்று வாரியத்தை அமைத்தது. தீக்கும் மழைக்கும் அஞ்சாத கூரை சின்ன விஷயமல்ல. பின்னாளில் வந்த திட்டங்கள் வீட்டைப் பெண் பெயரிலும் தருகின்றன. எங்கள் வீட்டில் அடுக்குமாடிப் பேச்சு வந்தபோது அம்மா கேட்டார்: “மூணாவது மாடியில தறிக்குழிய எங்க கண்ணு வெட்டறது?”

1915இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் உயர்த்திய வாடகையைத் தர மறுத்தார்கள். காலி செய்ய வந்தவர்களை வாசலிலேயே மறித்தார்கள். அந்த ஆண்டே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் நகராட்சிக் குடியிருப்புகள் பெருகின. அந்தப் பெண்களின் பெயரில் எந்தப் பத்திரமும் இல்லை. ஆனாலும் வீட்டைப் பற்றி அவர்கள் சொன்னது எடுபட்டது.

பத்திரத்தில் பெயர் இருந்துவிட்டால் வீடு அவளுடையதாகிவிடுமா? அஸ்திவாரம் போடும் முன்பே என் அம்மாவிடம் கேட்டிருந்தால், ஆகியிருக்கும்.