சுவர் முழுக்கச் சாலை

டெட்ராய்ட், 1960-களின் தொடக்கம். ஜான் சி. லாட்ஜ் விரைவுச்சாலையில் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்கு 14 தொலைக்காட்சிக் கேமராக்களை வைத்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் 14 பெட்டிகள். எங்காவது ஒரு வண்டி நின்றுபோனால், அறையில் இருப்பவர் விசையைத் தட்டுவார். அந்த லேனுக்கு மேலே தொங்கும் விளக்கில் சிவப்புப் பெருக்கல் குறி ஏறும். பின்னால் வருகிறவர்கள் பக்கத்து லேனுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள்.

அந்தக் கணக்கை நினைத்தாலே ஒரு நிம்மதி. சாலையில் எத்தனை கண்ணோ அறையில் அத்தனை திரை. இன்றைய பெருநகரத்தில் கேமராக்கள் நூற்றுக்கணக்கில், சில ஊர்களில் ஆயிரக்கணக்கில். அறையின் திரைச்சுவரில் இருக்கும் இடமோ சில டஜன் படங்களுக்கு. எதைக் காட்டாமல் விடுவது என்று யாரோ தீர்மானித்தாக வேண்டும்.

*

இரண்டாம் உலகப் போரில், விமானத்தில் உட்கார்ந்து ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நீர்மூழ்கிகளைக் காட்டும் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். காரணம் தேடிய உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் ஒரு கடிகாரம் செய்தார். எண்கள் இல்லாத வெள்ளை முகம், ஒற்றை முள். முள் நொடிக்கொரு முறை தாவும். எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டு மணி நேரச் சோதனை. 1948-ல் அவர் வெளியிட்ட முடிவு: முதல் அரைமணி நேரத்திலேயே கவனம் சரிந்துவிடுகிறது.

கன்ட்ரோல் ரூமில் ஒரு ஷிப்ட் எத்தனை அரைமணி நேரங்கள்!

யோகத்தில் திராடகம் பழகுகிறவர் சுடரைப் பார்த்தபடி இருப்பார். கண் அசையக் கூடாது, மனம் அலையக் கூடாது. கன்ட்ரோல் ரூம் நாற்காலி கேட்பது வேறு. கண் எதிலும் ஒட்டாமல் அலைந்துகொண்டே இருக்க வேண்டும். ஒட்ட வேண்டிய ஒன்று வந்தால் அந்த நொடியே ஒட்டியாக வேண்டும். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. நம் கண் அசைவை நாடிப் போகும். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் இந்தத் திரையில் ஆபத்து என்பது ஓடாமல் நிற்கும் ஒன்று.

*

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சிக்னல் கட்டுப்பாட்டு மையம் நகராட்சிக் கட்டடத்துக்கு அடியில், தரைக்குக் கீழே நாலு தளம் இறங்கினால் வரும். 1984 ஒலிம்பிக்கை ஒட்டி, கொலிசியம் மைதானத்தைச் சுற்றிய சிக்னல்களோடு தொடங்கியது. 2013-ல் நகரத்தின் எல்லாச் சிக்னல்களும், ஏறக்குறைய 4,400, அந்த ஒரே அமைப்புக்குள் வந்து சேர்ந்தன.

அங்கே முதலில் பார்ப்பது கேமரா அல்ல, கம்பி. தார்ச்சாலையை மெல்லியதாக அறுத்துப் புதைத்த கம்பிச்சுருளின் மேல் கார் வந்து நின்றால் அதன் மின்தூண்டல் மாறும். அந்த மாற்றம் எண்ணாகிக் கணினிக்குப் போகும். திரையில் உள்ள வரைபடத்தில் ஒரு கோட்டின் நிறமாக வந்து சேரும். காரின் முகம் தெரியாது, ஓட்டுகிறவர் தெரியமாட்டார். பச்சை, மஞ்சள், சிவப்பு மட்டும்.

சாலைச் சந்திப்பில் சிவப்பு ஒரு கட்டளை. வரைபடத்தில் அதே சிவப்பு, ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றைப் பற்றிய தகவல். ஒரே அறையில் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறவர்கள் எப்படிக் குழம்பாமல் இருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. நல்ல வரைபடம் செய்கிறவர்கள் நிறத்தை மட்டும் நம்பாமல் கோட்டின் தடிமனையும் மாற்றுவார்கள்.

*

சுவரைப் பற்றி.

வெகுகாலம் அது பின்னாலிருந்து ஒளி வீசும் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய சுவராக இருந்தது. பெட்டிக்குள் 1987-ல் லாரி ஹார்ன்பெக் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் கண்டுபிடித்த நுண்கண்ணாடிச் சில்லு. மில்லிமீட்டரில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு அகலமுள்ள லட்சக்கணக்கான கண்ணாடிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து நிமிரும். அவற்றின் மேல் ஒளி பாய்ச்ச ஒரு பாதரச விளக்கு. அணைக்காமல் எரிந்தால் ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். பல விளக்குகளின் ஆயுளும் கிட்டத்தட்ட அவ்வளவே.

ஒரு பெட்டியில் மட்டும் விளக்கு மாற்றினால் அது பளிச்சென்று தனியாகத் தெரியும். அப்போது என்ன செய்வார்கள் என்றால், புதியதன் ஒளியைக் குறைத்து, சுவரிலேயே மங்கலான பெட்டிக்கு நிகராக்குவார்கள். பின்னால் எல்இடியும் லேசரும் வந்து விளக்கு மாற்றும் வேலையே ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. பொறியாளர்களுக்கு நிம்மதி.

எல்சிடி பலகைகளை ஒட்டிக் கட்டிய சுவரில் விளிம்புகள் கட்டம் போடும். நேர்ச்சாலை ஒன்று விளிம்பைக் கடக்கும்போது உடைந்து தெரியாமலிருக்க, விளிம்புக்குப் பின்னால் மறையும் அளவுக்குப் படத்தையே மென்பொருள் விட்டுவிடும். சாலை நேராகிவிடும், பதிலுக்கு ஒரு கீற்று ஊர் காணாமல் போகும். அந்தக் கீற்றில் ஒரு தெருப்பெயர் அகப்பட்டுக்கொண்டால் படிக்க முடியாது. சற்று உடைந்த சாலையே மேல் என்பது என் கட்சி.

இன்னொன்று. மாதக்கணக்கில் ஒரே வரைபடம் நின்றால் திரை அதைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்மாவில் இது மோசம். படத்தை எடுத்த பிறகும் சாலைகளின் நிழல் மங்கலாகத் தங்கியிருக்கும்.

*

இப்போது மென்பொருளே படங்களைப் பார்க்கிறது. நின்றுவிட்ட வண்டியைக் கண்டால் அந்தப் படத்தைத் தானாக முன்னுக்குக் கொண்டுவருகிறது. இங்கிலாந்தின் சில மோட்டார்வேக்களில் அதற்கென்றே ராடார் வைத்திருக்கிறார்கள். மற்ற நேரத்தில் சுவரின் பெரும்பகுதி கறுப்பாகக் கிடந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் கறுப்புச் சுவருக்கு நிதி ஒதுக்க யாருக்கு மனம் வரும்? அமைச்சர் பார்வையிட வரும் நாளில் எல்லாமே ஒளிர வேண்டுமே.

வேலை நடப்பது மேசையில் இருக்கும் இரண்டு மூன்று மானிட்டர்களில்தான். சுவர் தன் விலையை நியாயப்படுத்துவது பெரிய விபத்து நடக்கும் நாளில்தான். போலீஸ், ஆம்புலன்ஸ், சிக்னல் பொறியாளர் எல்லாரும் ஒரே படத்தின் முன் நிற்க வேண்டியிருக்கும். யாராவது ஒருவர் எழுந்துபோய்ச் சுவரில் விரல் வைத்து, “இந்த வழியா திருப்பி விடலாம்” என்பார். தனித்தனி மேசைகளில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியாது.