ஒருநாளில் ஏழூர் வழிபாடு

திருவையாற்றைத் தலைமையாகக் கொண்ட ஏழு திருப்பதிகளையும் மோட்டார் சைக்கிளில் ஏறி ஒரே பகலிற் கண்டு மீள்வோர் இக்காலத்துப் பலர். திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் என்னும் இவ்வேழும் காவிரியும் குடமுருட்டியும் பாயும் வயல்வெளியில் ஒன்றற்கொன்று அணித்தாக உள்ளன. தஞ்சையினின்று திருவையாறு 13 கிலோமீட்டர்; தில்லைஸ்தானம் என இன்று வழங்கும் நெய்த்தானம் அங்கிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டரே. வண்டிக்கு இஃதொரு தொலைவன்று. விடியலிற் புறப்பட்டவர் ஏழு கோயில்களையும் கண்டு இரவு உணவுக்கு இல்லம் சேரலாம். இங்ஙனம் செய்வது தலயாத்திரையாகுமா, ஊர் சுற்றிப் பார்த்தலாகுமா என்பது ஆராயத்தக்கது.

யாத்திரை ஆகாது என்பார் கூறும் தடை வருமாறு: திருக்கோயிலை நாடி நடத்தலும் வலம் வருதலும் சரியையின் பாற்பட்டன. கால் செய்ய வேண்டிய பணியைச் சக்கரம் செய்யுமாயின் அதன் பயன் காலுடையானைச் சேருமோ, பெட்ரோலைச் சேருமோ? காரைக்காலம்மையார் திருக்கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார். நாவுக்கரசர் கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்தார். உடல் வருந்தாத வழிபாடு எளிதிற் கிடைத்த பொருள்போல் மதிப்பிழக்கும் என்பது அவர் கருத்து.

இத்தடை கேட்க இனிதாயினும் பெரியபுராணத்தின் முன் முற்றும் நில்லாது. தந்தையார் தோளில் ஏறுதலை விடுத்து நடந்து வருந்திய ஞானசம்பந்தப் பிள்ளையாருக்குத் திருவரத்துறை இறைவன் முத்துச்சிவிகை அளித்தான். நடையே தவமாயின் அத்தவத்தை இறைவன் தானே கெடுத்தான் என்று கொள்ள நேரும். சுந்தரர் வெள்ளானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலை சென்றனர். (அச்சுந்தரர் சங்கிலியாரை மணந்த திருவொற்றியூரிலேதான், 1955ஆம் ஆண்டு தோன்றிய என்பீல்டு இந்தியா நிறுவனத்தாரின் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை அமைந்தது என்பது ஒருபுறம் நிற்க.) நாவுக்கரசர் திறமும் நுணுகி நோக்கற்பாலது. உறுப்புக்கள் தேய்ந்தும் அவர் நாடிய கயிலைக் காட்சி அவ்வழியில் எய்தவில்லை. வழியிடை ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தபோதே அது கிடைத்தது. நெடுந்தொலைவை ஒரு கணத்திற் கடத்தியவன் இறைவன். ஆதலின் விரைவும் ஊர்தியும் தம்மளவிற் குற்றமாகா.

இனி, மனம் ஒன்றே போதும், எதில் ஏறிச் சென்றால் என்ன என்பாரும் உளர். மனமே போதுமாயின் வண்டி எதற்கு? வீட்டுத் திண்ணையே சாலும்.

ஊர்தியால் நேரும் இழப்பு வேறிடத்தில் உள்ளது. திருப்பழனத்தை அடுத்தது திங்களூர். அவ்வூர் அப்பூதியடிகள், தாம் கண்டறியாத நாவுக்கரசர் பெயரால் வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப் பந்தர் அமைத்திருந்தார். வெயிலில் நடந்துவந்த அரசர் நிழலைக் கண்டு நின்றார். பந்தரிற் பொறித்திருந்த தம் பெயரைக் கண்டார். அமைத்தவர் யார் என வினவினார். நின்றமையால் வினாவும், வினாவினமையால் அடியார் இருவர் கூட்டமும் உண்டாயின. பின்னர்த் திருப்பழனப் பதிகத்தில் அப்பூதியடிகளை வைத்தும் பாடினார். நாவுக்கரசர் அன்று விரைந்து கடந்திருந்தால் திருப்பழனத்து இறைவனைத் தொழுதிருப்பார், அப்பூதியடிகளை அறிந்திரார்.

சிவஞானபோதம் பன்னிரண்டாம் சூத்திரம் திருக்கோயிலோடு அடியார் திருவேடத்தையும் அரன் எனவே தொழுமாறு விதிக்கின்றது. வண்டியிற் செல்வார்க்கு ஆலய வழிபாடு எவ்வாற்றானும் குறைவதில்லை. அடியார் வழிபாடோ பெரும்பாலும் வழியிலே நிகழ்வது. வழி சுருங்க, அதுவும் சுருங்குகின்றது. குளத்தினின்று எழுந்த அரசர் திருவையாற்றில் முதலிற் கண்டதும் துணையோடு வந்த உயிர்களையே: பிடியோடு களிறு, பெடையோடு கோழி, மயில், நாரை, கிளி. அவற்றைச் சத்தியும் சிவமுமாகக் கண்டார். அதே தெருவில் கோழி குறுக்கிட்டால் வண்டியூர்பவர் செய்வது ஆரன் அடித்தல். அவ்வேகத்தில் அது செய்யாதிருத்தலும் கூடாது, உயிர்க்கொலை நேரும். அவரைக் குறைகூறி என்ன பயன்?

ஏழூர் என்னும் தொகையே எண்ணிக்கைக்காக எழுந்ததன்று. ஐயாறப்பர் மகனாகக் கொண்ட நந்திதேவருக்குத் திருமழபாடியில் சுயசாம்பிகையை மணமுடித்தபோது, சோற்றுத்துறையிலிருந்து அன்னமும், பழனத்திலிருந்து பழமும், பூந்துருத்தியிலிருந்து பூவும், நெய்த்தானத்திலிருந்து நெய்யும், கண்டியூரிலிருந்து அணிகலனும், வேதிகுடியிலிருந்து வேதியரும் வந்தனர் என்பது தலவரலாறு. அதற்கு நன்றி கூறவே சித்திரைத் திங்களில் ஐயாறப்பர் மணமக்களோடு பல்லக்கில் ஊர்தோறும் எழுந்தருள்கின்றார். ஒவ்வோரூர் இறைவரும் எதிர்கொண்டு தம் பல்லக்குடன் உடன்செல்ல, ஊரார் தோள்மாற்றிச் சுமக்கின்றனர். ஒரு குடும்பத்தின் கொள்வனவும் கொடுப்பனவுமாகிய உறவு அது. 'ஐந்து முடிந்தன, இன்னும் இரண்டு' என்று எண்ணிச் செல்பவர்க்கு அவ்வுறவு புலப்படுவது அரிது. கடன் தீர்க்கச் சென்ற இறைவன் வழியில், இவர் கணக்குத் தீர்க்கச் செல்கின்றார்.

இவ்விடத்து வண்டியூர்வாருக்கு ஓர் உதவி தானே வாய்க்கின்றது. இப்பகுதிக் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலிலே திருக்காப்பிட்டு மாலை 4 மணியளவிற் திறக்கப்பெறும். எத்துணை விரைந்தாலும் ஏழனுள் ஒன்றிரண்டன் வாயிலிற் காத்திருக்க நேரும். அதனை இடையூறாகக் கருதி அர்ச்சகரைக் கடிந்துகொள்வார் பலர். வண்டி மிச்சப்படுத்திய நாழிகைகள் அனைத்தும் அம்மதிற் சுவரருகே அவர் கையில் வந்து நிற்பதை அவர் அறிந்திலர். பதிகம் ஓதலாம், குருக்களின் வீட்டுத் திண்ணையில் இருந்து தலவரலாறு கேட்கலாம், பூத்தொடுப்பாரோடு பேசலாம்.

அக்காத்திருப்பு திருப்பூந்துருத்தியில் நேருமாயின் மிகப் பொருத்தம். அவ்வூரிலே திருமடம் அமைத்திருந்த நாவுக்கரசர், சிவிகையில் வந்த சம்பந்தரை எதிர்கொண்டு, கூட்டத்தில் மறைந்து புகுந்து, சிவிகை தாங்குவாரோடு தாமும் தோள்கொடுத்தார். "அப்பர் எங்குற்றார்?" எனப் பிள்ளையார் வினவியபோதுதான் அது வெளிப்பட்டது. சிவிகையில் இருந்தவரும் அடியார். அதன்கீழ் நடந்தவரும் அடியார். மோட்டார் சைக்கிளுக்கும் பின்னிருக்கை ஒன்று உண்டு. நடைதளர்ந்த முதியவர் ஒருவர் நெய்த்தானத்து மாலைப் பூசைக்குச் செல்ல வழிபார்த்துச் சாலையோரத்தில் நின்றால், அவரை ஏற்றிக்கொண்டு, அவர் அச்சம் தீரும் அளவுக்கு மெல்லச் செலுத்திக் காவிரிப் பாலம் கடக்க, வழக்கத்தினும் இருமடங்கு நேரம் ஆகும்.