எலுமிச்சைக்கு இரண்டு அர்த்தம்

வண்டி வாங்கினால் முதல் ஓட்டம் பிள்ளையார் கோயில் வாசலுக்குத்தான். நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பழத்தை நசுக்கியபடி வண்டியை முன்னே நகர்த்துவார்கள். அமெரிக்காவிலோ, வாங்கியவர் தலையில் வந்து விடிகிற ஓட்டை வண்டிக்கே எலுமிச்சை என்று பட்டப்பெயர். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் அந்தப் பெயரைத் தலைப்பில் வைத்தே ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று ஆய்விதழ்கள் வேண்டாமென்று திருப்பிய கட்டுரை அது. அதில் இருந்த சிந்தனைக்குத்தான் 2001இல் பொருளாதார நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

அவர் சொன்னது எளிது. பழைய காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. பயத்தில் வாங்குகிறவர் எல்லா வண்டிக்கும் விலையைக் குறைத்தே கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க வரமாட்டார். சந்தையில் கடைசியில் மிஞ்சுவது சொத்தைதான். இந்தியாவில் ஓராண்டு தங்கியிருந்த அகெர்லாஃப், இங்கே இல்லத்தரசிகள் அரிசியில் கல் பொறுக்குவதையும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். நம் வீட்டு முறம் அப்படி உலகப் பொருளாதாரத்துக்குள் போய்விட்டது.

ஆனால் இதற்கு அடியில் இருக்கும் கேள்வி பொருளாதாரத்தைவிட மிகப் பழையது. தன் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒருவர் எதை வைத்துத் 'தெரியும்' என்கிறார்? தமிழில் இதற்கு 'அளவை' என்று ஒரு துறையே உண்டு. அருணந்தி சிவாசாரியார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரைத் தொடங்குவதே இதில்தான். பத்து அளவைகளை எண்ணிக் காட்டி, அவை காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்கிறார்.

இந்த மூன்றையும் பழைய டஸ்டர் கார் ஒன்றின் முன்னால் நிறுத்திப் பார்க்கலாம். 2012இல் இந்தியாவுக்கு வந்த முதல் டஸ்டர், சென்னைக்குப் பக்கத்து ஒரகடத்தில் தயாரானது. அதில் நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை போகும் வகையும் பின்னால் வந்தது. இருந்தும் விவரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் தேடுவது முன்சக்கரம் மட்டும் இழுக்கும் டீசல், கையால் கியர் போடும் வண்டி. பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டும் இல்லை, அதற்கென்று தனி டிஃபரன்ஷியலும் இல்லை. கெட்டுப்போக இடம் குறைவு, ஒளித்துவைக்கவும் இடம் குறைவு.

முதலில் காட்சி. ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்று கண்ணே ஏமாறும் விதங்களையும் அளவை நூல்கள் பேசுகின்றன. கயிறு பாம்பாகத் தெரிவது திரிவு. பாலிஷ் போட்டு, டயருக்குக் கறுப்பு பூசி, சாயங்கால வெயிலில் நிறுத்தியிருக்கும் வண்டியும் அந்த இனம்தான். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண் 2319 என்றால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. 'டயர் புதுசு சார்' என்கிற பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

காட்சி மட்டும் போதும் என்பவரை மணிமேகலை வஞ்சி நகரில் சந்திக்கிறாள். பூதவாதியான அவரிடம், தாய் தந்தையைக் கருதல் அளவை இல்லாமல் எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். கருதலுக்கு இந்தியத் தர்க்கம் வழிவழியாகத் தரும் உதாரணம் மலைமேல் புகை. புகை இருந்தால் நெருப்பு இருக்கும். மெக்கானிக் சைலன்சர் பின்னால் குத்தவைத்துப் பார்ப்பதும் அதையேதான், கொஞ்சம் நுட்பமாக. நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் முழுதாக எரியவில்லை. அடர்ந்த வெள்ளை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கட் போய் கூலன்ட் உள்ளே இறங்கியிருக்கலாம். இதையெல்லாம் என்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், பானட்டைத் தொட்டதும் தெரிந்துவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இன்னொரு கருதலும் முக்கியமாகிவிட்டது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவிப் பார்ப்பார்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரை எப்படிக் கழுவினாலும் பெல்ட்டின் அடிநுனியில் பெரும்பாலும் சேற்றுக்கோடு தங்கிவிடும்.

மூன்றாவது உரை, இங்கேதான் சிக்கல். 'லேடி டாக்டர் ஓட்டின வண்டி, மழையில்கூட எடுத்ததில்ல' என்பது உரையா? தர்க்க நூலான நியாய சூத்திரம் நம்பத்தக்கவர் சொல்லையே உரை என்று ஏற்கிறது. அந்நூலுக்கு விளக்கம் எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேராக அறிந்திருப்பதும், அறிந்தபடி சொல்ல விரும்புவதும் நம்பத்தக்கவருக்கு இலக்கணம் என்கிறார். விற்பவரிடம் முதல் தகுதி உண்டு, இரண்டாவது சந்தேகம். கூட வரும் மைத்துனரிடம் இரண்டாவது நிறைய உண்டு, முதலாவது சுத்தமாக இல்லை. அந்த இலக்கணம் ரிஷிக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்றும் வாத்ஸ்யாயனர் சொல்கிறார். ஆகவே கிரீஸ் படிந்த கையோடு ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடும் மெக்கானிக்கும் அந்த வரிசையில் உட்காரலாம். என்ஜின் இருமி அணைந்தால் கிளட்ச் பிளேட்டில் உயிர் இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் தேய்ந்துவிட்டது.

புரோக்கரிடம் மெக்கானிக்குக் கமிஷன் இருந்தால்? அவரை நம்ப இன்னொருவர், அவரை நம்ப வேறொருவர் என்று வால் நீளும். இந்த வாலைத் தத்துவக்காரர்கள் இரு விதமாக வெட்டினார்கள். தோன்றிய அறிவைத் தவறென்று தெரியும்வரை சரியென்றே கொள்ளலாம் என்றனர் மீமாம்சகர். பெரும்பாலோர் வண்டி வாங்குவது இப்படித்தான், வேறு வழியும் இல்லை. நியாய மரபினர் ஒப்பவில்லை. கண்டது தண்ணீரா கானலா என்பது குடித்துத் தாகம் தீர்ந்தால்தான் உறுதியாகும் என்றார்கள்.

டஸ்டருக்கு அந்தத் தண்ணீர், கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். கிளட்ச் நழுவுகிறதென்றால் அங்கே ஆர்.பி.எம். முள் ஏறும், வண்டி ஏறாது. கருகல் வாசனை வேறு வரும். ஆனால் அட்வான்ஸ் கொடுத்து, ஆர்.சி.யில் பெயர் மாற்றி, கோயில் வாசலில் நான்கு எலுமிச்சையையும் நசுக்கிய பிறகுதான் அந்த மலை வருகிறது.