சந்தையின் அளவு

ஒரு பொருளுக்கு எவ்வளவு சந்தை உண்டு என்பதை மக்கள்தொகை சொல்லாது. அதை வாங்கும் வசதியும், அதைவிட முக்கியமாக, மறுபடி வாங்கும் விருப்பமும் எத்தனை பேருக்கு உண்டு என்பதே கணக்கு. ஷாம்பு பாட்டிலில் மட்டும் விற்கப்பட்ட வரை தினக்கூலிக் குடும்பங்கள் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் சிறு பாக்கெட்டில் விற்பதில் வாய்ப்பைக் கண்டார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயுடன் ‘சிக்’ ஷாம்புத் தொழிலைத் தொடங்கினார். அவருடைய விற்பனைக் குழுவினர் கிராமங்களில் ஊரார் முன்னிலையில் சிறுவர்களின் தலையை ஷாம்பு போட்டு அலசி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காலிப் பாக்கெட்டுகளைக் கொடுத்தால் புதியது ஒன்று இலவசம் என்ற திட்டமும் வந்தது. விளம்பரம் என்பதைவிட அது நல்ல அளவுகோல்: கடைக்குத் திரும்பிய ஒவ்வொரு காலிப் பாக்கெட்டும், தேய்த்துக் குளித்துவிட்டு அடுத்ததைக் கேட்கும் ஒருவரைக் காட்டியது.