வெட்டலும் ஒட்டலும்: எழுத்தும் படமும் இணையும் ஆக்கங்களின் அறம்

முன்னுரை

பிறர் ஆக்கிய ஒன்றிலிருந்து ஒரு பகுதியை வெட்டியெடுத்து, அதனை வேறொன்றோடு ஒட்டிப் புதிய படைப்பாக்கும் முறை இருபதாம் நூற்றாண்டுக் கலையில் பெருவழக்காயிற்று. 1912ஆம் ஆண்டில் பிக்காசோ, நாற்காலியின் பிரம்புப் பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுத்துணியைத் தம் ஓவியமொன்றில் ஒட்டினார். அதே ஆண்டில் பிராக், மரத்தின் இழையோட்டம் அச்சிடப்பட்ட தாளைத் தம் கரிக்கோட்டுப் படத்தில் ஒட்டினார். கொலாஜ் எனப்படும் ஒட்டோவியம் இவ்வாறு கலையுலகில் நிலைபெற்றது. எழுத்து, படம், தாள், கட்டமைப்பு ஆகிய அனைத்தையும் ஒரே படைப்பாகக் கொண்டு ஓவியர் உருவாக்கும் 'ஓவியர் நூல்' என்னும் வகையும் இம்முறையைத் தழுவிக்கொண்டது.

இம்முறை கலைவடிவம் பற்றிய வினாக்களோடு அறம் பற்றிய வினா ஒன்றையும் எழுப்புகிறது. வெட்டியெடுத்தவர், எதிலிருந்து வெட்டினாரோ அதற்கு எவ்வகையிலேனும் கடன்பட்டவரா? கடன்பட்டவர் எனின், அக்கடன் எவ்வாறு தீர்க்கப்படும்? தமிழ் மரபையும், தமிழும் மலையாளமும் ஊடாடும் இடுக்கி, பாலக்காட்டுப் பகுதிகளின் வழக்காறுகளையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இவ்வினாவை ஆராய்கிறது.

எழுத்து என்னும் சொல்

எழுத்தும் படமும் வெவ்வேறானவை என்னும் எண்ணம் பழந்தமிழில் இத்துணை வலுவாக இல்லை. எழுதுதல் என்னும் வினை, வரிவடிவத்தைப் பொறித்தலையும் ஓவியம் தீட்டுதலையும் ஒருங்கே குறித்தது. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தை எழுத்து என்னும் சொல்லாலேயே சுட்டுகிறது. அங்கு வருவோர் படங்களைச் சுட்டி இவர் யாவர் என வினவுகின்றனர். அறிந்தோர் காமன், இரதி, இந்திரன், அகலிகை என விளக்குகின்றனர். படம் காட்சியாக நிற்க, அதன் கதை கூறுவோர் வாய்மொழியில் நிறைவுறுகிறது.

இப்பொருள் வழக்கு இன்றும் அழிந்துபடவில்லை. உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் வழியில் அமைந்த, இடுக்கி மாவட்டத்து மறையூர்ப் பகுதியில் தொல்பழங்கால ஓவியங்களைக் கொண்ட பாறைக் குகை ஒன்று 'எழுத்துக்குகை' என வழங்கப்பெறுகிறது. அதில் காணப்படுபவை படங்களே. கேரளத்துப் பகவதி கோயில்களில் வண்ணப் பொடிகளால் தெய்வ உருவம் வரைவது 'களமெழுத்து' எனப்படுகிறது. வரையப்பட்ட களம், பாட்டும் சடங்கும் நிறைவுற்றபின் அழிக்கப்படுகிறது. எழுத்துகளைத் தேர், தாமரை, பாம்பு முதலிய உருவங்களில் அடைத்துக் காட்டும் சித்திரகவிகளும் இவ்வுறவின் இலக்கிய வடிவங்கள் எனலாம். ஆகவே, எழுத்தையும் படத்தையும் இணைத்தல் நமக்குப் புதிதன்று. பிறருடைய எழுத்தையும் படத்தையும் எடுத்து இணைக்கும்போதே அறச்சிக்கல் தோன்றுகிறது.

தொகுத்தலும் பெயரும்

தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. பிறர் நூலிலிருந்து எடுத்தாளுதலை இலக்கணிகள் குற்றமாகக் கொள்ளவில்லை. அதற்குப் பெயரிட்டு வகைப்படுத்தி, முதல்நூலோடு அதற்குள்ள உறவை வெளிப்படையாக்கினர். வழிநூல் என்னும் பெயரே அது வந்த வழியை ஒப்புக்கொள்கிறது.

சங்கத் தொகைகளில் இவ்வறத்தின் நுட்பமான சான்று ஒன்று கிடைக்கிறது. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. பெயர் தெரியாத நிலையில் அப்பாடலைப் பெயரின்றி விடாமல், அதிலுள்ள உவமைத் தொடரையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என வழங்கினர். அடுத்த பாடலின் ஆசிரியர் அணிலாடு முன்றிலார் ஆனார். துண்டு துண்டாகக் கிடைத்த பாடல்களை ஒருங்கு கோத்தவர்கள், ஒவ்வொரு துண்டும் ஒரு மனிதரிடமிருந்து வந்தது என்பதை மறக்கவில்லை. பெயர் மறைந்தவிடத்தும் ஆளை மறைக்காத இப்பண்பு, இன்றைய ஒட்டோவியருக்கும் உரிய அளவுகோல் எனக் கருதத்தக்கது.

தெரியும் ஒட்டும் மறையும் ஒட்டும்

மேலைநாட்டு ஓவியர் நூல்கள் இரண்டை இவ்வளவுகோல் கொண்டு நோக்கலாம். மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1934இல் வெளியிட்ட ஒட்டோவிய நூல், முந்தைய நூற்றாண்டின் வெகுமக்கள் நூல்களில் இருந்த செதுக்குப் படங்களை வெட்டி அமைக்கப்பட்டது. அச்சில் ஒட்டின் தடம் கண்ணுக்குத் தெரியாதவாறு அவர் பார்த்துக்கொண்டார். கனவின் மயக்கத்தை உண்டாக்க அது தேவைப்பட்டது. ஆயினும், முதற்படத்தைச் செதுக்கிய கைகள் அம்மயக்கத்தினுள் மறைந்துபோயின.

டாம் ஃபிலிப்ஸ் 1966இல் மூன்று பென்சு விலைக்கு வாங்கிய, மல்லாக் என்பவரின் 1892ஆம் ஆண்டு நாவலைப் பக்கம் பக்கமாக வண்ணம் தீட்டி மறைத்து, இடையிடையே சில சொற்களை மட்டும் விட்டுவைத்து 'எ ஹ்யூமுமென்ட்' என்னும் நூலை உருவாக்கினார். 2016இல் இறுதிப் பதிப்பு வெளிவரும்வரை அப்பணி தொடர்ந்தது. மல்லாக் சொல்ல எண்ணாதவற்றை மல்லாக்கின் சொற்களே அதில் சொல்கின்றன. எனினும், இது எந்நூலின் மீது எழுதப்பட்டது என்பதை அந்நூல் மறைக்கவில்லை. தலைப்பே முதல்நூலின் தலைப்பிலிருந்து எழுத்துகளை நீக்கிப் பெறப்பட்டது. இறந்துபோன ஆசிரியரால் மறுப்புரைக்க இயலாது. ஆனால் படிப்பவர் முதல்நூலைத் தேடிச் சென்று ஒப்பிட இயலும். இவ்வாய்ப்பைத் திறந்து வைத்தலே ஃபிலிப்ஸ் செலுத்திய கடன்.

சென்னையிலுள்ள தாரா பதிப்பகம் 2006இல் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்னும் நூல் வேறொரு வழியைக் காட்டுகிறது. கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகியோரின் மரப்படங்கள் கறுப்புத் தாளில் கையால் திரையச்சு செய்யப்பட்டன. பழங்குடிக் கலையைப் பெயரற்ற அலங்காரமாக எடுத்தாளும் வழக்கத்திற்கு மாறாக, ஓவியர்களே நூலாசிரியர்களாகப் பெயர் பெற்றனர்.

பாலக்காட்டுத் தோற்பாவைக்கூத்து

பாலக்காட்டு வட்டாரத்துப் பகவதி கோயில்களில் நிகழும் தோற்பாவைக்கூத்து நூல்வடிவம் கொண்டதன்று. எனினும், எடுத்த பாடலும் வெட்டிய உருவமும் ஒரே திரையில் இணைவதால் இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. கூத்துமாடத்தில் 21 விளக்குகளின் ஒளியில், தோலில் வெட்டிய பாவைகளின் நிழல் வெண்திரையில் விழுகிறது. வெட்டிய துளைகளின் வழியே ஒளி புகுவதனாலேயே உருவத்தின் அணியும் ஆடையும் புலனாகின்றன. புலவர்கள் கம்பராமாயணப் பாடல்களைத் தேர்ந்து பாடி, அவற்றிற்குத் தமிழும் மலையாளமும் கலந்த உரைநடையில் விளக்கம் கூறுகின்றனர். பாடலும் உரையும் அமைந்த கூத்துப்பனுவல் 'ஆடல்பற்று' எனப்படுகிறது.

இப்பனுவலில் கம்பனில் இல்லாத ஒரு நிகழ்ச்சி ஒட்டப்பட்டுள்ளது. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் காட்டில் தவமிருக்கையில் இலக்குவனால் அறியாமல் கொல்லப்படுகிறான். மகனை இழந்த தாய் புலம்புகிறாள். இக்கதையின் ஒரு வடிவம் விமலசூரியின் சமண இராமாயணமான பௌமசரியத்திலும் காணப்படுகிறது. கம்பனின் சூர்ப்பணகை காமத்தால் உந்தப்பட்டு இராமனிடம் வருகிறாள். கூத்தின் சூர்ப்பணகையோ மகனைப் பறிகொடுத்த துயரோடும் வருகிறாள். ஒட்டப்பட்ட ஒரு துண்டு, காப்பியத்தின் அறநிறையையே மாற்றிவிடுகிறது.

இருவகைக் கடன்

இது கம்பனுக்கு இழைக்கப்பட்ட தீங்கா? இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் (1957) 57ஆம் பிரிவு, படைப்பைத் தன்னுடையது என உரிமை கோரவும், தன் நற்பெயருக்கு ஊறு விளைவிக்கும் சிதைவைத் தடுக்கவும் ஆசிரியருக்கு உரிமை வழங்குகிறது. கம்பனைப் போன்ற பழம்புலவர்க்கு அச்சட்டம் துணையாகாது. அங்கு எடுத்தாள்பவரின் மனச்சான்றே காவல். கம்பன் பாடலைப் பாடலாகவே பாடி, தம் விளக்கத்தை உரையாகவே கூறுவதால், புலவர் எது எவருடையது என்பதைச் செவிக்கு உணர்த்துகிறார். செய்யுளின் ஓசையும் பேச்சின் நடையும் வேறுபடும் இடமே இங்கு ஒட்டின் தடமாகிறது.

மூலத்திற்குச் செலுத்தவேண்டிய கடனோடு, மூலம் சொல்லாமல் விட்டவர்களுக்கான கடன் ஒன்றும் உண்டு. சம்புகுமாரன் நிகழ்ச்சி அவ்விரண்டாம் கடனைத் தீர்க்கிறது. மூக்கறுபட்டவளாக மட்டுமே நினைக்கப்படும் ஒருத்திக்குத் தாய்மையும் இழப்பும் இருந்தன என்பதைக் கூத்து காப்பியத்தின் அருகில் நிறுத்துகிறது. இரு கடன்களும் முரண்படும்போது, ஒன்றைத் தீர்ப்பதற்காக மற்றொன்றை மறைத்தலே அறப்பிழையாகும். சேர்த்தலும் நீக்கலும் தம்மளவில் பிழையாகா.

இங்கு ஒரு தடை எழலாம். கம்பனின் தமிழை அறியாத இன்றைய மலையாளப் பார்வையாளர்க்கு அவ்வொட்டின் தடம் எவ்வாறு புலப்படும்? இத்தடை வலிமையுடையது. செய்யுளையும் உரையையும் ஒலியால் பிரித்தறிய அவர்க்கு இயலலாம். உரையினுள் கம்பன் கருத்து எது, பிற்சேர்க்கை எது என அறிதல் அரிது. ஆகவே, தடத்தைக் காட்டும் பொறுப்பு புலவரோடு தமிழாய்வாளரையும் சார்கிறது. பதிப்பாசிரியரும் வெட்டி ஒட்டுபவரே. கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்களைத் தனியே பிரித்துக் காட்டும் நேர்மை போற்றத்தக்கது. அதே கண்கொண்டு கூத்துப்பனுவலை அணுகி, சம்புகுமாரன் கதையை இடைச்செருகல் எனத் தள்ளுவது பொருந்தாது. பாடல், உரை, சேர்க்கை ஆகிய மூன்றையும் பாவைகளின் படங்களோடு அருகருகே வைத்து, ஒவ்வொன்றின் வழியையும் குறிக்கும் பதிப்பே இம்மரபுக்கு உரியது.

முடிவுரை

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட தம் ஆய்வுநூலில், இக்கூத்து பெரும்பாலும் பார்ப்போர் இன்றியே இரவு முழுதும் நிகழ்வதைப் பதிவுசெய்துள்ளார். தாரிகனோடு போரிட்டமையால் இராம இராவணப் போரைக் காண இயலாத பத்திரகாளிக்காகவே கூத்து நிகழ்கிறது என்பது மரபு. தவறினால் கண்டறிவோர் எவரும் எதிரே இல்லாத இரவிலும் புலவர் கம்பன் பாடலைப் பாடி, அதற்கு உரை கூறி, சூர்ப்பணகையின் புலம்பலுக்கும் இடமளிக்கிறார். வெட்டி ஒட்டுபவரின் கடன் காண்போரைப் பொறுத்து அமைவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. எடுத்தது எவருடையது என்பதை மறைக்காமலும், எடுத்தவிடத்தில் எவர் விடுபட்டார் என்பதை மறவாமலும் ஒட்டுதலே, எழுத்தும் படமும் இணையும் ஆக்கங்களின் அறம் எனத் துணியலாம்.